தும்மல் நோட்டு

"என் சிஸ்டரைப் பார்க்கணும்னா கீழ போங்க" என்று சொன்னால் ஆஸ்பத்திரியில் யாருக்கும் புரியாது. அங்கே வெள்ளை உடுப்புப் போட்ட எல்லோருமே சிஸ்டர்தான். அதனால் லிஃப்ட்காரர் எப்போதும் முழுசாகவே சொல்வார்: "என் கூடப் பொறந்தவ. காத்துல மகரந்தம் எவ்வளவு இருக்குன்னு எண்ணுறவ. தரைத்தளத்துக்குக் கீழ, ரெண்டாவது கதவு." கேட்டவர் பெரும்பாலும் எக்ஸ்ரே எடுக்கும் இடத்துக்குத்தான் வழி கேட்டிருப்பார்.

அவர் ஒன்பதாம் வகுப்போடு நின்றவர். அதைப் பற்றி அவருக்குக் குறையில்லை. "ஒரு வீட்ல ஒருத்தர் படிச்சா போதும். ரெண்டு பேரும் படிச்சா யார் பேச்சை யார் கேக்கறது?" என்பார். தங்கை தாவரவியல் படித்தாள். அண்ணன் பத்தொன்பது வருஷமாக லிஃப்டில் ஏறி இறங்குகிறார். தங்கை அதே கட்டிடத்தில் ஒன்பது வருஷமாக நுண்ணோக்கிக்குள் குனிந்திருக்கிறாள். இதில் யார் உயரத்தில் வேலை பார்ப்பது என்று அவர் கேட்பார். பதிலும் அவரே சொல்வார்: "அவதான்."

தங்கையின் வேலை இதுதான். மொட்டை மாடியில் ஒரு மிஷின் நிற்கிறது. ஆள் உயரம். நிமிஷத்துக்குப் பத்து லிட்டர் காற்றை ஒரு சின்னப் பிளவு வழியாக உள்ளே இழுக்கும். முதுகில் தகடு போல ஒரு வால் உண்டு. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் வால் மிஷினின் வாயைத் திருப்பிவிடும். உள்ளே பிசுபிசுப்பான மெழுகு பூசிய கண்ணாடித் தகடு மணிக்கு இரண்டு மில்லிமீட்டர் நகரும். காற்றோடு வந்த தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். தினமும் காலை ஒன்பது மணிக்குப் பழைய தகட்டை எடுத்துப் புதியதை வைக்க வேண்டும். எடுத்ததற்கு இளஞ்சிவப்புச் சாயம் ஏற்றி, ஒட்டியிருக்கும் மகரந்தத் துகள்களை ஒவ்வொன்றாக அவள் எண்ணுவாள். எண்ணி முடித்ததும் ஒரு தாளில் எழுதி அண்ணனிடம் கொடுப்பாள். அவர் அதை லிஃப்ட் சுவரில் நாலு மூலையும் நேராக இருக்கும்படி ஒட்டுவார். "நேற்று காற்றில் மகரந்தம், ஒரு கன மீட்டருக்கு: 62. நடுத்தரம்."

கர்ப்பமாக இருந்த தங்கைக்கு ஐந்தாம் மாதம் பிறந்தபோது மொட்டை மாடியின் இரும்புப் படியில் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். லிஃப்ட் ஆறாவது மாடியோடு நின்றுவிடும். அதற்கு மேலே இருபத்திரண்டு படி, கைப்பிடி ஒரு பக்கம்தான்.

"நான் போறேன்" என்றார் அண்ணன்.

"விளையாட்டு இல்லணா. விரல் பட்டா அன்னைக்கு எல்லாமே பாழ்."

"நான் விரலே படாம பத்தொன்பது வருஷமா லிஃப்ட் ஓட்டுறேன்."

"பட்டனை எதால அமுக்குற?"

அண்ணன் மூன்றே நாளில் கற்றுக்கொண்டார். தங்கை நாளுக்கொரு அட்டை கொடுத்தாள். நேரம், காற்றின் திசை, மழை, இழுப்பு அளவு என்று நாலு கட்டம். "வழக்கத்துக்கு மாறா எது நடந்தாலும் எழுதி வச்சுக்கோ" என்றும் சொன்னாள். அட்டையில் அதற்கு இடம் இல்லாததால் லிஃப்ட்காரர் தனியாக ஒரு நோட்டு வாங்கினார்.

முதல் வாரமே வழக்கத்துக்கு மாறான ஒன்று நடந்தது. தரைத்தளத்தில் ஏறிய ஒருவர் நாலாவது மாடிக்குள் ஏழு முறை தும்மினார். லிஃப்ட்காரர் எழுதிக்கொண்டார். ஒருவரை எழுதிவிட்டு இன்னொருவரை விடுவது நியாயமில்லை என்று பட்டது. அன்றிலிருந்து எல்லோரையும் எழுதினார். ஒற்றைத் தும்மலுக்கு 'ஒ', இரட்டைக்கு 'இ', அதற்கு மேல் போனால் 'தொ', அதாவது தொடர். எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பதையும் குறித்தார். லிஃப்டுக்கு இடது பக்கம் கிழக்கு வாசல், வலது பக்கம் மேற்கு வாசல் என்பதால் அது சிரமமாக இல்லை. அடக்கிக்கொண்ட தும்மலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இரண்டு நாள் யோசித்தார். கடைசியில் அரை என்று வைத்தார்.

நான்காவது வாரம் மொட்டை மாடியில் வெயில் ஏறியது. சூடு பட்டால் மெழுகு இளகிவிடும் என்று தங்கை எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. அவரும் செய்ய வேண்டியதைச் செய்தார். அதையும் நோட்டில் எழுதினார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் சங்கடம் ஆரம்பித்தது. கிழக்கு வாசலுக்கு எதிரே சாலையோரம் வரிசையாக மரங்கள். அவை பூக்கும் காலம். அந்தப் பூவைப் பூ என்று சொன்னால்தான் தெரியும். பச்சைத் திரி மாதிரி கொத்துக் கொத்தாகத் தொங்கும். கண்ணைப் பறிக்கிற பூவெல்லாம் ஒரு பாவமும் அறியாதது, அதன் தூள் ஈயில் ஒட்டிக்கொண்டு போகும்; பார்க்கவே லாயக்கில்லாத பூதான் காற்றில் தூளை அள்ளி வீசும் என்று தங்கை சொல்லியிருந்தாள். போன வருஷம் இதே மரங்கள் பூத்தபோது லிஃப்டில் ஒட்டிய எண் முந்நூறைத் தாண்டியது. இந்த வருஷம் பதினாலு. மறுநாள் பதினொன்று. "குறைவு" என்று எழுதியிருந்த தாளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டே ஜனங்கள் தும்மினார்கள்.

மூச்சு வார்டு நர்ஸ் ஒருநாள் லிஃப்டில் அந்தத் தாளை உற்றுப் பார்த்தார்.

"பதினொண்ணாம். என் வார்டுல கட்டில் இல்லாம பெஞ்சுல படுக்க வச்சிருக்கேன். உங்க தங்கச்சி எங்க காதுல பூ சுத்துறாங்களா?"

"காதுல இல்லீங்க. இது மூக்கு சம்பந்தப்பட்டது" என்றார் லிஃப்ட்காரர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஆனால் அன்று அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவில்லை. நோட்டைத் திறந்து பார்த்தார். தங்கையின் எண்ணையும் தும்மலின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தார். அவளுடையது இறங்க இறங்க இவருடையது ஏறியிருந்தது. 62-க்கு ஒன்பது தும்மல். 11-க்கு எழுபத்து மூன்றரை. தங்கையின் கணக்கு தப்பு என்று சொல்லும் ஒரு நோட்டைத் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. அதை ஸ்டூலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு துணியைப் போட்டார். ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஆரம்பித்ததைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

புதன்கிழமை பெரிய டாக்டர் தங்கையைக் கூப்பிட்டார். நோயாளிக்கு உதவாத எண்ணை எதற்கு எண்ணுகிறோம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் மிஷினைக் கழற்றிவிடலாம் என்றார். மிஷின் போனால் அதை எண்ணும் வேலையும் போகும். அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

மாலையில் அண்ணன் கீழே போனபோது அவள் ஒரே தகட்டை மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இழுப்பு பத்து லிட்டர் சரியா இருக்கு. தகடு சரியா நகருது. சாயமும் புதுசு" என்றாள். "அப்ப என் கண்ணுலதான் கோளாறு. இந்த மாதிரி நேரத்துல பார்வை மங்கும்னு சொல்றாங்கல்ல? நானே எழுதிக் கொடுத்துட்டு நின்னுக்கறேன்ணா."

தங்கை தன்னைத்தானே குறை சொல்லி அவர் கேட்டதில்லை. மற்றவர்களைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார். மேலே போய், துணியை எடுத்து, நோட்டோடு திரும்பி வந்தார்.

"திட்டாதே. நான் தும்மலை எண்ணியிருக்கேன்."

அவள் முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தாள். நாலாவது பக்கத்தில் சிரிப்பு நின்றது. பேனாவை எடுத்தாள்.

"முக்கால்வாசிப் பேர் கிழக்கு வாசல்ல வந்தவங்க."

"ஆமா. மேற்கு வாசல்காரங்க அவ்வளவா தும்மறதில்ல. ஒழுக்கமான ஆளுங்க."

"மிஷின் ஏழு மாடி உயரத்துல எண்ணுது. நீ மூக்கு உயரத்துல எண்ணியிருக்கே. கொஞ்சம் வித்தியாசம் வரும்தான். ஆனா இவ்வளவு வராதே." அவர் தினமும் கொடுத்த அட்டைகளை எடுத்து மேஜையில் பரப்பினாள். மேற்குக் காற்று அடித்த நாட்களை ஒரு பக்கமும் கிழக்குக் காற்று அடித்த நாட்களை மறுபக்கமுமாகப் பிரித்தாள். "இங்க பாரு. மேற்குக் காத்துன்னா எண் ஒழுங்கா இருக்கு. கிழக்குக் காத்து அடிச்சாதான் விழுந்துடுது. மரம் இருக்கறதே கிழக்கால. என்னமோ கிழக்குப் பக்கம் ஒரு சுவர் எழுப்பின மாதிரி..."

அண்ணன் குனிந்து அட்டைகளைப் பார்த்தார்.

"சுவர் இல்ல" என்றார். "தகரம்."

தங்கை கண்ணாடியைக் கழற்றினாள்.

"என்ன தகரம்?"

"நீதானே சொன்னே, வெயில் பட்டா மெழுகு இளகும்னு. காலை வெயில் கிழக்கால இருந்துதானே வருது."

"எவ்வளவு பெருசு?"

"ஆறுக்கு நாலு. நல்ல கெட்டித் தகரம். பெயின்ட் அடிச்சிருக்கேன்."

"பெயின்ட் வேறயா!"

"பச்சை."

"காத்து வர்ற பக்கம் மூஞ்சியைத் திருப்புற மிஷின்ணா அது! அது திரும்பிப் பார்க்கறப்ப எல்லாம் நீ முகத்துல கதவைச் சாத்தியிருக்கே! ரெண்டு அடி தள்ளியா வச்சே?"

"ஒரு அடி."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்தது.

அன்றே கழற்றினார். பன்னிரண்டு போல்ட். தான் கட்டியது சுலபத்தில் கழலாது என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அன்று அது இல்லை. மறுநாள் முழுக்கக் கிழக்குக் காற்று அடித்தது. வெள்ளிக்கிழமை காலை எடுத்த தகட்டைத் தங்கை இரண்டு முறை எண்ணினாள். 318.

"விளக்கத்துல என்னைப் போடு" என்றார் அண்ணன். "லிஃப்ட் போனா போகட்டும். எனக்குப் படியேறத் தெரியும்."

"போட்டாச்சு" என்றாள் தங்கை.

பெரிய டாக்டரின் அறைக்கு அவரையும் கூப்பிட்டார்கள். லிஃப்டில் "ஐந்து நிமிடத்தில் வருகிறேன்" என்று எழுதி, நாலு மூலையும் நேராக ஒட்டிவிட்டுப் போனார். பெரிய டாக்டர் தங்கையின் தாளைச் சத்தமாகப் படித்தார்.

"'மூன்று வாரம் மிஷினின் கிழக்கே தடுப்பு இருந்தது. வைத்தவர்: என் அண்ணன். நோக்கம்: நல்லது. இந்த மூன்று வாரத்தின் எண்களை அடித்துவிடவும்.'" மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அடிச்சுட்டா அந்த மூணு வாரத்துக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?"

தங்கை நோட்டை முன்னால் நகர்த்தினாள். அவர் பக்கங்களைப் புரட்டினார்.

"ஒ, இ, தொ. இதென்ன?"

"ஒற்றை, இரட்டை, தொடர் சார்."

"இதையெல்லாம் எழுதச் சொன்னது யார்?"

"வழக்கத்துக்கு மாறா எது நடந்தாலும் எழுதச் சொன்னது மேடம்தான் சார்" என்றார் லிஃப்ட்காரர். வீட்டில் 'நீ', 'ஏய்' என்பதோடு சரி. அவள் மேடமானது அதுதான் முதல் தடவை. மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரிய டாக்டரின் விரல் ஒரு வரியில் நின்றது. அதையும் படித்தார்: "'மிஷினுக்கு வெயில் படாமல் கிழக்கே தகரம் கட்டப்பட்டது. உறுதியாக உள்ளது.'" கொஞ்சம் நிறுத்தினார். "உறுதியா இருந்துச்சா?"

"இருந்துச்சு சார். கழட்ட ரெண்டு மணி நேரம் ஆச்சு."

பிறகு வார்டுப் பதிவேட்டை வரவழைத்தார். மூச்சுத் திணறி வந்தவர்களின் எண்ணிக்கையையும் தும்மலின் எண்ணிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒன்றாக ஏறி, ஒன்றாக இறங்கின. மிஷின் இருக்கட்டும் என்றார். கிழக்கு வாசலில், மூக்கு உயரத்தில், இன்னொரு சின்ன மிஷின் வைக்க ஏற்பாடு செய்யச் சொன்னார். மரங்கள் பூக்கும் மாதத்தில் மூச்சுத் தொந்தரவுக்காரர்கள் மேற்கு வாசல் வழியாக வர ஒரு பலகை வைக்கச் சொன்னார். மொட்டை மாடியில் யாரும் எதையும் கட்டக் கூடாது என்று கடைசியாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

"நோட்டு?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"தொடர்ந்து எழுதுங்க."

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டர் கிழக்கு வாசல் வழியாக வந்து லிஃப்டில் ஏறினார். சுவரில் புதுத் தாள்: "297. மிக அதிகம்." முதல் மாடியில் ஒரு தும்மல். இரண்டாவது மாடியில் இன்னொன்று. லிஃப்ட்காரர் முன்னால் பார்த்தபடி நின்றார். கை மட்டும் சட்டைப் பையில் இருந்த பென்சிலைத் தொட்டுவிட்டு நின்றது.

"எழுதிக்கங்க" என்றார் பெரிய டாக்டர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "இரட்டை."

"இன்னும் நாலாவது மாடி வரல சார்" என்றார் லிஃப்ட்காரர். "இப்பவே சொல்ல முடியாது."