நீண்டுகொண்டே போன கைப்பிடி

எங்கள் தெருவில் கொக்கியக்கா என்று கேட்டால்தான் என் அக்காவைத் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரே முழிப்பார். பத்தொன்பது வருடம் ஜன்னல் கொக்கி செய்தவள், ஒரு நாளைக்கு இருநூறு கொக்கி. அந்தத் தெருவில் காற்றில் அடித்துக்கொள்ளாமல் நிற்கிற ஜன்னல் எல்லாவற்றிலும் அவள் கை இருக்கிறது.

அத்தான் வெல்டர். வீட்டுக்கு முன்னாலேயே தகரக் கொட்டகை போட்டு கேட், கிரில் என்று பெரிய வேலைகள் பார்ப்பார். கல்யாணமான புதிதில், சின்னக் கம்பி வளைக்கவென்று அக்காவுக்கு ஒரு சாதனத்தைத் தானே செய்து கொடுத்தார். ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டிக்கு வளையல் வாங்கிக் கொடுத்தால் இந்த மனுஷன் இரும்பைக் கொடுத்தார் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். பழைய லாரியிலிருந்து கழற்றிய கனத்த தகடு, மேஜையோடு போல்ட் போட்டு இறுக்கியது. அதன்மேல் இரண்டு முளை. நடுவில் கம்பியை நுழைத்துக் கைப்பிடியைச் சுற்றி இழுத்தால் கம்பி கொக்கியாக வளையும். பாதியில் விட்டால் கைப்பிடி திருப்பி உதைக்கும். அதனால் அக்கா அதற்குக் கழுதை என்று பெயர் வைத்தாள்.

அவள் கை லேசுப்பட்ட கை இல்லை. எதிர்க்கடைத் தச்சர் ஒருமுறை பந்தயம் கட்டி அவளோடு கை மடக்கிப் பார்த்துத் தோற்றார். "காலையில சாப்பிடல" என்று கதை விட்டார். "அப்ப நாளைக்குச் சாப்பிட்டுட்டு வாங்கண்ணே" என்றாள் அக்கா. ஒரு வாரம் அவர் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒருநாள் அவளே சொன்னாள். "என்னங்க, கழுதை இறுகிப்போச்சு. இழுக்க வரல."

எது கெட்டாலும் கோளாறு இரும்பில்தான் என்பது அத்தானின் புத்தி. எண்ணெய் விட்டார். முளையைக் கழற்றி அரத்தால் தேய்த்தார். "புது லோடு கம்பி, கெட்டியா இருக்கு" என்று கம்பிக் கடைக்காரரைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் கைப்பிடியை நடுவில் அறுத்து, ஒரு சாண் நீளத்துக்குக் குழாய் வைத்துப் பற்றவைத்தார். கைப்பிடி நீண்டால் இழுப்பது எளிது என்றார். சொன்னபடியே லேசாக வந்தது. "பரவால்லையே, கெட்டிக்காரர்தான்" என்றாள் அக்கா. மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று மாதத்தில் மறுபடியும் இறுகியது. இன்னொரு சாண். அதற்கப்புறமும் ஒரு சாண். மூன்றாவது ஒட்டுக்குப் பிறகு கைப்பிடி சுவரில் இடித்ததால் மேஜையையே திருப்பிப் போட்டார்.

"என்ன அத்தான், அடுத்தது ரோடு வரைக்கும் போகுமா? பஸ்காரன் இழுத்துட்டுப் போயிடப் போறான்" என்றேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அதே வாரம் வெளியே கிளம்பும்போது, "இந்தக் கழுத்துப் பொத்தானைக் கொஞ்சம் போட்டு விடுடி" என்றாள் அக்கா. "ஏன், மகாராணிக்குக் கை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே போட்டுவிட்டேன்.

ஒரே நாளில் மூன்று முறை டம்ளர் நழுவி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா அக்காவின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் நாங்கள் அதைக் கவனிக்கவில்லை.

"கையில பலம் எப்போலேர்ந்து குறைஞ்சுது?" என்று கேட்டார்.

அத்தானுக்குத் தன் கல்யாண நாளே நினைவிருக்காது. இதற்கு மட்டும் டக்கென்று பதில் சொன்னார். "முதல் ஒட்டு மார்ச்சுல போட்டேன் டாக்டர். ரெண்டாவது ஜூன். மூணாவது..." சொல்லும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

நரம்பு நோய் என்றார்கள். கையில் தொடங்கி உடம்பெல்லாம் பரவுமாம், குணமாக்க மருந்து இல்லையாம். "முன்னாடியே வந்திருந்தாலும் பெருசா ஒண்ணும் மாறியிருக்காது" என்று டாக்டரம்மா நல்ல மனதோடுதான் சொன்னார். அத்தான் காதில் அது ஏறவே இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அக்கா கழுதையை விடவில்லை. அத்தான் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, விரல்களைத் துணியால் கைப்பிடியோடு சுற்றிக் கட்டுவார். பின்னால் நின்றுகொண்டு, அவளுக்குத் தெரியாமல் செய்வதாக நினைத்து, கைப்பிடியின் அடிப்பக்கத்தைத் தானே தள்ளுவார்.

"லேசா வருதா?"

"லேசா வருதுங்க."

இப்படி ஒரு நாளைக்கு இரண்டு கொக்கி, மூன்று கொக்கி.

ஒரு மதியம் சாப்பாடு ஊட்டும்போது கேட்டேன். "அவர்தான் தள்ளுறாருன்னு உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"முதல் ஒட்டுக்கே தெரியும்டி." பேச்சு குழறியது. "கோளாறு கம்பியில இல்ல, என் கையிலதான்னு. அவ்வளவு ஆசையா பத்த வெச்சாரு, பாவம். வேணாம்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கிட்டயாவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"பொத்தான் போட்டு விடுன்னு சொன்னேனே" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் அக்கா போய்விட்டாள். நான் அன்று அழுததைவிட அந்த மதியத்தை நினைத்து அழுததுதான் அதிகம்.

கைப்பிடி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. "பழைய நீளத்துக்கே வெட்டிடுப்பா, எல்லாரும் இடிச்சுக்கறாங்க" என்றார் தச்சர். அத்தான் இரண்டு முறை அறுக்கும் மெஷினை எடுத்துவந்து வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுபோனார். ஆறு மாதம் அதை யாரும் தொடவில்லை.

பிறகு ஒரு காலையில், கொக்கி கேட்டு ஆள் வந்து போன கையோடு, கொட்டகையிலிருந்து கூப்பிட்டார். போனேன். முளைகளுக்கு நடுவே கம்பி இருந்தது. முழு கேட்டையும் ஒற்றை ஆளாகத் தோளில் தூக்குகிற மனுஷன், கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். துணி இன்னும் அதில் சுற்றியபடியே இருந்தது.

"இறுகிப்போச்சும்மா" என்றார். "இழுக்க வரல."

அவரை நகரச் சொல்லிவிட்டு இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பார்த்தேன். கம்பி சொன்னபடி வளைய ஆரம்பித்தது. அவர் முகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. சத்தம் வராமல் கைப்பிடியைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து விட்டேன்.

"ஆமா அத்தான்" என்றேன். "நல்லா இறுகித்தான் போச்சு."