விஷத்தைப் பிடித்த இரண்டு கைகள்

போன வாரம் மலாக்கா பக்கத்து ஜாசின் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஓர் அம்மா. இடைநிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி ஆசிரியையாம். இந்தப் பத்தியை விடாமல் படிப்பவராம். கையில் மீன் பையோடு என்னை மடக்கிவிட்டார்.

"சார், ஒரு மூலக்கூறு உலோகத்தை எப்படிப் பிடிச்சுக்குதுன்னு ஒரு மணி நேரம் கத்திட்டு வரேன். லிகண்ட், லிகண்ட்னு தொண்டையே காஞ்சு போச்சு. கடைசியில ஒருத்தி எழுந்து, 'இதால யாருக்கு என்ன பிரயோஜனம் டீச்சர்?'னு கேக்கிறா லா! நான் என்னத்தச் சொல்ல?"

மீன் கடையில் நின்று சொல்லக்கூடிய பதிலா அது? சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் பதில் என்னிடம் இருக்கிறது. அதன் பெயர் செல்லம்மா.

வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்து சண்டை போட்ட அவசரகாலம். ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் டிரசர். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பேன், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போடுவேன். டாக்டர் வராத நாளில் நான்தான் டாக்டர். அதாவது, பெரும்பாலான நாட்களில்!

தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் வேலைக்குப் போகும்போது கேட்டில் சோதனை. சோறு, சீனி, டின் மீன்... எதையும் வெளியே கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று பயம். தண்ணீர் மட்டும் கொண்டு போகலாம். ஒரு பிடி சீனியோடு மாட்டினாலும் ஜெயில்தான்.

செல்லம்மா லாலான் என்கிற களைப்புல்லுக்கு மருந்து அடிக்கிற கூட்டத்தில் வேலை செய்தாள். அந்த மருந்தில் இருப்பது ஆர்செனிக். பாஷாணம். அவள் புருஷன் மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவர், அதாவது பட்டையைக் கீறி ரப்பர் பால் எடுப்பவர்.

ஒருநாள் முற்பகல், மாரிமுத்து அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குள் ஓடி வந்தார்.

"டிரசரய்யா, வாந்தி நிக்கல. வயித்தால போவுது. தண்ணி தண்ணியா போவுது..."

கை கால் ஜில்லென்று இருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. காலராவோ என்று நினைத்தேன். காலரா என்றால் ஒரு லயமே போய்விடும். நாக்கைப் பார்க்கக் குனிந்தேன். அவள் மூச்சில் பூண்டு வாடை!

"அக்கா, பூண்டு சாப்பிட்டீங்களா?"

இல்லை என்று தலையை அசைத்தாள்.

எனக்குச் சட்டென்று புரிந்தது. பூண்டு தின்னாதவர் மூச்சில் பூண்டு வாடை வந்தால் அது ஆர்செனிக். படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதன்முதலாக முகர்ந்தேன்.

"மாரிமுத்துண்ணே, என்ன குடிச்சாங்க?"

"ஒண்ணும் இல்லைய்யா."

"பொய் சொல்லாதீங்க. இது மருந்துத் தண்ணி விஷம். சாயங்காலம் வரைக்கும் தாங்க மாட்டாங்க. என்ன குடிச்சாங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்னா பிடிச்சிட்டுப் போயிடுவாங்கய்யா."

"சொல்லலேன்னா பொணமாத்தான் தூக்கிட்டுப் போவாங்க!"

இப்படிக் கத்தியதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். ஆனால் அவர் சொன்னார்.

ஒரு வாரக் காய்ச்சலுக்குப் பிறகு அன்றுதான் அவர் வேலைக்கு இறங்கியிருந்தார். வெறும் வயிற்றில் மனுஷன் மயங்கி விழுவானே என்று செல்லம்மா ஒரு தந்திரம் செய்திருக்கிறாள். மருந்து தீர்ந்து காலியான, திருகு மூடி போட்ட தகர டின் ஒன்றை மூன்று முறை கழுவி, சீனி போட்ட சூடான தேத்தண்ணியை அதில் ஊற்றி மூடி, மற்ற டின்களோடு எடுத்துப் போயிருக்கிறாள். விஷ டின்னை எந்தக் காவலாளி திறந்து பார்ப்பான்?

மாரிமுத்து அதைத் தொடவில்லை. பயம். "யாராச்சும் பார்த்தா ரெண்டு பேரும் உள்ள போயிடுவோம், கீழ ஊத்திடு," என்று சொல்லியிருக்கிறார். சீனித் தேத்தண்ணியைத் தரையில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. மொத்தத்தையும் தானே குடித்துவிட்டாள்.

டின்னின் மடிப்பில் காய்ந்து கிடந்த மருந்து, சூட்டில் கரைந்துவிட்டது.

இதற்கு ஒரே ஒரு ஊசிமருந்துதான் உண்டு. அது மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தது. தோட்டத்து லாரியில் பாய் விரித்து அவளைக் கிடத்தினோம். டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும் என்று, மரத்தடியில் திறந்து கிடந்த அந்த டின்னையும் மாரிமுத்துவை மூடி எடுத்து வரச் சொன்னேன். கிளம்பும்போது மாரிமுத்துவிடம் ஒன்று சொன்னேன்: "வழியில யார் கேட்டாலும் தண்ணி. தண்ணிதான் குடிச்சாங்க. சரியா?"

பாதி வழியில் ரோடு பிளாக். ஒரு மலாய் சார்ஜண்ட், நாலு துப்பாக்கிகள். சார்ஜண்ட் லாரியில் ஏறினார். செல்லம்மாவைப் பார்த்தார். என்ன குடித்தாள் என்று மலாயில் கேட்டார்.

"ஆயேர்," என்றேன். தண்ணீர்.

என் காலடியில் இருந்த டின்னை எடுத்தார். மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். நான் அதுவரை உள்ளே பார்க்கவே இல்லை, என் மடத்தனம்! அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அடியில் நாலைந்து தேயிலைத் தூள். அதைச் சுற்றி எறும்புகள்... எல்லாம் செத்துக் கிடந்தன.

எறும்பு வந்திருக்கிறது என்றால் சீனி. செத்திருக்கிறது என்றால் விஷம். அந்த டின் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை.

சார்ஜண்ட் டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மாரிமுத்து மனைவியின் பாதங்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

"ஆயேர்," என்றார் சார்ஜண்ட். கேள்வியாக இல்லை.

மூடியைத் திருகி மூடி, டின்னை என் கையிலேயே கொடுத்தார். கீழே குதித்து, தடுப்பை நகர்த்தச் சொல்லிக் கத்தினார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசிமருந்துக் குப்பியை உடைத்தபோது அறை முழுக்க நாற்றம். எண்ணெய் மருந்து, சதையில் ஆழமாகப் போட வேண்டும். வலி உயிர் போகும். அதுவரை முனகக்கூட முடியாமல் கிடந்த செல்லம்மா வீறிட்டு அலறினாள். அந்த அலறலைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே!

மாரிமுத்து டாக்டரைக் கேட்டார்: "உடம்புக்குள்ள எங்கேயோ கிடக்கிற விஷத்த இந்த ஊசி எப்படிங்கய்யா கண்டுபிடிக்கும்?"

டாக்டர் தமிழர், பொறுமைசாலி. இரண்டு விரலை நீட்டிக் காட்டினார்.

"விஷத்துக்குக் கந்தகம்னா உயிர். நம்ம உடம்புல இருக்கிற கந்தகத்தைப் போய்ப் பிடிச்சுக்கும். அதான் உடம்பு வேலை செய்யாம நின்னு போவுது. இந்த மருந்துல ரெண்டு கந்தகம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு, ரெண்டு கை மாதிரி. ஒரு கை வழுக்கினாலும் இன்னொரு கை பிடிச்சிருக்கும். வழுக்கின கை தூரமா போக முடியாது, திரும்ப வந்து பிடிச்சுக்கும். அப்படியே சேர்த்து மூத்திரத்தோட வெளிய இழுத்துட்டுப் போயிடும்."

"அப்ப அந்த மருந்து?"

"அதுவும் கூடவே போயிடும்."

அவ்வளவுதான் டீச்சர், உங்கள் லிகண்ட். ஆர்செனிக்கை முழு உலோகம் என்று சொல்ல முடியாது, அரை உலோகம்தான். ஆனாலும் பிடி அதே பிடி. ஒற்றைக் கையால் பிடிப்பதற்கும், இணைந்த இரண்டு கைகளால் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் செல்லம்மாவின் உயிர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருந்து மட்டும் தனியாக அவளைக் காப்பாற்றவில்லை. விஷமும் ஒத்துழைத்தது! கந்தகத்தின் மேல் அதற்கு இருந்த ஆசைதான் அவளைக் கொல்லப் பார்த்தது. அதே ஆசைதான் அதை வெளியேயும் கொண்டு வந்தது.

நாலு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. ஒவ்வொன்றுக்கும் கண்ணில் நீர் கொட்ட, வாய் எரிய, செல்லம்மா என்னைத்தான் திட்டினாள். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தாள். பல மாதங்களுக்குப் பாதம் மரத்துப்போயிருந்தது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பாள். ஆனால் நடந்தாள்.

மாரிமுத்து மட்டும் ரொம்ப நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. "நான் குடிச்சிருக்கணும்யா," என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். அவருடைய பயம்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது. அதைச் சொல்லித் தேற்ற முடியுமா ஒரு மனிதனை?

தோட்டத்து வெள்ளைக்காரத் துரையிடம் போய் நின்றேன். காலியான மருந்து டின் ஒவ்வொன்றிலும் ஆணி அடித்து ஓட்டை போட உத்தரவு வாங்கினேன். அதற்கு முன்னால் தோட்டத்து ஆபீஸில் ஒரு விசாரணைத் தாளை என் முன்னே நீட்டினார்கள். 'நோயாளி அருந்தியது என்ன?' என்று அச்சடித்திருந்தது. 'தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதிய முதல் கற்பனை அதுதான்... இன்றுவரை அதைவிட நல்லதாக ஒன்று எழுதவில்லை.