மரத்தூளுக்கு அடியில் செவலை

நம்பாதவர்கள் மங்கலம்பேட்டைப் பக்கம் வந்து விசாரித்துக்கொள்ளலாம். 2009 ஆனி மாதம் நடந்தது இது. ஒரு சொல்கூட நான் கட்டிச் சொல்லவில்லை.

சடையப்பன் மாட்டுப்பண்ணை வைத்திருந்தார். செத்த மாட்டைச் சும்மா குழிவெட்டிப் புதைக்கிற ஆளில்லை. செத்த மாட்டை உரமாக்கும் பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பில் மூன்று பக்கம் சுவர் எழுப்பிச் சிமெண்டுத் தொட்டி கட்டினார். லாரி நிறைய மரத்தூள் இறக்கினார். மாட்டைத் தூளில் மூடினால் உள்ளே சூடு அறுபது டிகிரிக்கு ஏறும், சில மாதத்தில் எல்லாம் உரமாகிவிடும். சூடு பார்க்க நீளக் கம்பி வைத்த தெர்மாமீட்டர் ஒன்று. மாட்டைத் தூக்கிப் போட மட்டும் வாடகை லோடர் வண்டி.

அவர் மனைவி புஷ்பவள்ளி பண்ருட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பியபோது, கன்று ஈன்று எழ முடியாமல் கிடந்த செவலையைக் காணோம்.

"செத்துப்பூடுச்சு. தூளுல மூடியாச்சு," என்றார் சடையப்பன்.

அவள் கைக்கு மட்டுமே பால் சுரந்த மாடு. அழுது தீர்த்தாள்.

நாலு நாளாகியும் நாற்றம் இல்லை. ஈ மொய்க்கவில்லை. தெர்மாமீட்டர் முப்பத்தெட்டரையிலேயே நின்றது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டாள்.

"முப்பத்தெட்டரையா? அது உசுரோட இருக்கற மாட்டு சூடும்மா," என்று சிரித்தார் அவர்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் உச்சி வெயில். இலை அசையவில்லை. தூளில் குத்தியிருந்த தெர்மாமீட்டர் மெல்ல மேலே எழும்பியது... இறங்கியது... மறுபடி எழும்பியது.

புஸ்... புஸ்...

"ஏங்க! உசுரோடயா மூடுனீங்க?"

சடையப்பன் முகம் செத்துப்போனது. "லோடர்காரன் கெளம்புறேன்னு குதிச்சான். எப்படியும் சாவப்போற மாடுதான?"

"பாவி! தோண்டுங்க!"

"ஊரு சிரிக்கும். போடி உள்ள." தெர்மாமீட்டரைப் பிடுங்கி எறிந்தார்.

சத்தம் நின்றது.

சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். புஷ்பவள்ளி வயிறெரிந்து எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

மணி மூன்று.

அவர் கால்கள் உதைத்துக்கொண்டன. வாய் திறந்து திறந்து மூடியது. ஓடிப்போய் உலுக்கினாள்...

போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்தார். "எந்த மில்லுல தூள் சரிஞ்சுது?"

"வூட்டுல பாயிலதான் படுத்திருந்தாரு."

"இல்லம்மா. நுரையீரல் முட்ட மரத்தூள். மூடுனப்போ மூச்சு இருந்திருக்கு."