அடங்க மறுத்த கலங்கள்

மருதனார்மடம் சந்திக்குச் சற்று முன்னால், ஸ்கூட்டியின் பிரேக்கை அழுத்த என் விரல்கள் மடங்கவில்லை. எதிரே மரக்கறி மூட்டைகளுடன் ஒரு லான்ட்மாஸ்டர் (பெட்டி பூட்டிய இருசக்கர உழவு இயந்திரம்) திரும்பிக்கொண்டிருந்தது. இரண்டு கால்களையும் தார் வீதியில் உரசி, அதன் பெட்டிக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றேன்.

"என்ன தங்கச்சி, நித்திரையே?" என்று சாரதி கத்தினார்.

"இல்லை அண்ணை. கை மடங்கேல்லை."

அதைச் சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. நீர்வேலியில் வீடு, உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கும் வேலை. சில மாதங்களாகவே காலையில் விரல்கள் விறைத்துக் கிடந்தன. பாடசாலை தொடங்குவதற்குள் சரியாகிவிடுவதால் நான் பொருட்படுத்தவில்லை.

யாழ்ப்பாணத்தில் இரத்தம் சோதித்தார்கள். வைத்தியர் என்னைவிட இளைய பெண். விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்கும் நோய்) என்றார். எனக்குக் கவலையைவிடக் கோபமே முதலில் வந்தது. நிர்ப்பீடனம் (நோய்களை எதிர்க்கும் உடலின் ஏற்பாடு) என்ற பாடத்தை, அதன் கலங்கள் (செல்கள்) ஒவ்வொன்றோடும், ஆண்டுதோறும் கற்பித்தவள் நான்.

"டொக்டர், சீராக்கும் ரி கலங்கள் எண்டு இருக்கெல்லோ? உடம்பு தன்னைத்தானே தாக்காமல் தடுக்கிற வெண்குருதிக் கலங்கள். என்ரை உடம்பிலை அதுகள் எங்கை போச்சுதுகள்?"

அவர் சிரித்தார். "ஒரு இடமும் போயிருக்காது, ரீச்சர். கனபேருக்கு வீங்கின மூட்டுக்குள்ளையே அதுகள் நிறைய நிக்கும். ஆனா அழற்சி கூடினால் அதுகளாலை வேலை செய்ய ஏலாது. அடங்கவேண்டிய கலங்களும் சொல்லுக் கேளாதுகள்."

"அப்ப அதுகளைப் பலப்படுத்த மருந்து இல்லையோ?"

"ஆராய்ச்சி நடக்குது. இப்ப உங்களுக்குத் தர என்னட்டை இல்லை. முதல்லை அழற்சியைக் குறைப்பம்."

இல்லாததை இல்லை என்று சொன்னதாலேயே அவரை நம்பினேன். மெதோட்ரெக்சேட் (எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலைத் தணிக்கும் மருந்து) தந்தார். கிழமைக்கு ஒரு நாள் மட்டும். எனக்கு வியாழக்கிழமை.

செய்தி பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. அதிபர் என்னை அழைத்து, "ரீச்சர், நீங்கள் நூலகத்தைப் பொறுப்பெடுங்கோ. உயர்தர வகுப்பை வேறை ஆளிட்டைக் குடுப்பம்," என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் எழும்பிவிட்டேன்.

"நான் கையாலை படிப்பிக்கேல்லை, சேர். சோக் பிடிக்க ஏலாட்டி பிள்ளையள் எழுதட்டும். வகுப்பை விடமாட்டன்."

அடுத்து வந்தது என் பிழை. வீக்கம் குறைந்ததும் குணமாகிவிட்டேன் என்று நினைத்தேன். மாத்திரை எடுத்த மறுநாளெல்லாம் குமட்டல். சீப்பில் கொத்தாக முடி. ஒரு வியாழக்கிழமை மாத்திரையை எடுக்கவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. வாழைத்தோட்டம் செய்யும் என் கணவரிடமும் மறைத்தேன்.

மாத்திரையை விட்ட இரண்டாம் மாதம் ஒரு காலையில், குளியலறையில் இருந்த இடத்தைவிட்டு எழும்ப முடியவில்லை. முழங்கால் இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. கணவர் கதவைத் தள்ளித் திறந்து என்னைத் தூக்கினார். உண்மையைச் சொன்னேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் பாவம் பாப்பியள் எண்டு."

"பாவமோ? எனக்கு உம்மிலை கோவம்தான் வருது," என்றார். அழுதுகொண்டே சிரித்தேன். அன்றே வைத்தியரிடம் போனோம். அவர் ஏசவில்லை, குமட்டலையும் முடி உதிர்வையும் முன்பே சொல்லியிருந்தால் அளவை மாற்றியிருக்கலாம் என்றார். இதே நோயோடு இதை வாசிப்பவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வைத்தியரோடு சண்டை பிடியுங்கள், ஆனால் மறைக்காதீர்கள்.

மூன்று மாதங்களின் பின், ஊன்றுகோலுடன் வகுப்புக்குத் திரும்பினேன். நிர்ப்பீடனப் பாடம். ஒரு மாணவி கரும்பலகையில் வரைய, நான் சொல்லிக்கொண்டுபோனேன். சீராக்கும் கலங்களுக்கு வந்ததும் என் இரு கைகளையும் மேசையில் வைத்தேன். "பாருங்கோ பிள்ளையள். அதுகள் தோத்தால் இப்பிடித்தான்."

வரைந்துகொண்டிருந்தவள் திரும்பி, "ரீச்சர், நோய் மாறிடுமோ?" என்றாள்.

"மாறாது. ஆனா என்னை வீட்டிலை இருத்தவும் அதாலை ஏலாது. நீ படத்தைக் கீறு."

இப்போது ஊன்றுகோல் இல்லை. வலது கைச் சுண்டுவிரல் வளைந்தே நின்றுவிட்டது. முன்பெல்லாம் கண் திறந்ததும் நாள் தொடங்கிவிடும். இப்போது வெந்நீரில் கைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக மடங்கும்வரை காத்திருக்கிறேன். அந்த ஒரு மணி நேரத்தை நோய்க்குக் கொடுத்துவிட்டேன். மிச்சம் என்னுடையது.