தோடும் ஹெட்போனும்

என் மாமியாருக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது. எனக்கோ துப்பாக்கி இல்லாமல் பொழுது போகாது. பெரம்பலூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் உள்ளறையில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் மட்டும் கணக்கை மூடிவிட்டுக் கம்ப்யூட்டரில் எதிரிகளைச் சுடுவேன். கல்யாணமாகி வந்தபோது கட்டில், பீரோவோடு அந்தக் கம்ப்யூட்டரும் வந்தது. என் சீரில் அத்தைக்குப் பிடிக்காத ஒரே பொருள் அதுதான்.

கணவருக்கு அரியலூரில் சிமெண்ட் ஆலை வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாய்ந்துதான் வருவார். மாமனார் இறந்த பிறகு, வேப்பந்தட்டைப் பக்கத்து ஊரில் தனியாக இருந்த அத்தையை எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். ஆக, பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வினை கல்யாணப் பத்திரிகை ரூபத்தில் வந்தது. விக்கிரமங்கலத்திலிருந்து உறவுக்காரர்கள் பத்திரிகை வைக்க வந்திருக்கிறார்கள். உள்ளே இருந்த எனக்குத் தெரியாது. வெற்றிலை பாக்கு, பழத்தோடு தாம்பாளத்தை அத்தையிடம் நீட்டுகிற நேரம் பார்த்து நான் பீரங்கியை வெடித்தேன். தாம்பாளம் கவிழ்ந்தது. வெளியே ஓடிவந்து பார்த்தால், மாப்பிள்ளையின் அப்பா சோபாவுக்கடியில் குனிந்து எலுமிச்சம்பழம் தேடிக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் அத்தை பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துக்கு வந்தவங்கள வெடி வச்சு வெரட்டுறியே! ஒண்ணு அந்தச் சத்தம் நிக்கணும். இல்ல, அந்தப் பொட்டிய வித்துடணும்."

சாயங்காலம் வந்த மகனிடமும் அதையே சொன்னார். அவர் அம்மாவுக்கும் தலையாட்டினார், எனக்கும் தலையாட்டினார். தஞ்சாவூர் பொம்மை தோற்றது.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அந்த ஒரு மணி நேரமும் போய்விட்டால் நாள் முழுக்க யாருடையதோ கணக்கும் சாம்பாரும்தான். ஹெட்போன் வாங்கிவிடுகிறேன், வெளியே பொட்டுச் சத்தம் கேட்காது என்று சத்தியம் செய்தேன்.

"நானும் வரேன். கேக்குதா இல்லியான்னு நான்தான பாக்கணும்?" என்று அத்தை புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். கேம், சினிமா, பாட்டு மூன்றுக்கும் ஒன்றே வேண்டும், விலையும் கம்மியாக இருக்க வேண்டும் என்றேன். கடைக்காரர் முதலில் ப்ளூடூத் ஒன்றைக் கொடுத்தார். கடைக் கம்ப்யூட்டரில் போட்ட சினிமாவில் கதாநாயகன் வாயை மூடிய பிறகுதான் வசனம் வந்தது. கேமில் இதை மாட்டினால், நான் செத்த பிறகுதான் எதிரி சுட்டது கேட்கும். வயர் வைத்ததாகக் கேட்டேன். அடுத்து வந்தது காதின் மேல் அழுந்தி உட்காரும் சின்ன வட்டம். பாட்டு அருமையாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பாட்டு முடிவதற்குள் தோட்டின் திருகு காதுக்குப் பின்னால் குத்தி உயிர் போனது.

"தோட்ட கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க மேடம், சூப்பரா இருக்கும்" என்றார் கடைக்காரர்.

அவருக்கு நேரம் சரியில்லை. "என்னாது? கட்டுக்கழுத்தி காத மூளியா வச்சுக்கிட்டு வெளயாடணுமா?" என்று அத்தை கையிலிருந்த பையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். "தோட்டுக்கு மேல போடுற மாதிரி இருந்தா எடு. இல்லன்னா உள்ள வையி."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் விட்டத்தைப் பார்த்தேன். வாங்குவதற்கு முன்னால் இணையத்தில் எத்தனையோ பேர் ஹெட்போனைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவதைக் கேட்டிருந்தேன். அதில் ஒருவர்கூடத் தோடு போட்டவர் இல்லை. விளையாட்டு என்றாலே கோபப்படும் அத்தை அன்றைக்குச் சொன்னதுதான் எனக்கு உதவிய ஒரே விமர்சனம்.

கடைசியில், மேல் அலமாரியிலிருந்து அகலமான கிண்ணங்கள் வைத்த ஒன்று இறங்கியது. தோடு, திருகு, காது எல்லாவற்றையும் முழுசாக விழுங்கிக்கொண்டது. வசனம் உதட்டோடு வந்தது. பாட்டில் டிரம்ஸ் கொஞ்சம் தூக்கல். போகட்டும் என்று விட்டேன். அத்தை கடை நடுவில் என் தலையோடு தலை ஒட்டி நின்று, "இப்ப சுடு" என்றார். அதே கம்ப்யூட்டரில் கேமைத் திறந்து சுட்டேன். தெருவில் கரண்ட் பில் கட்டப் போகிறவர்கள்கூட நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"ஒண்ணும் கேக்கல. கட்டிக் குடு" என்றார், கத்திரிக்காய் வாங்குவதைப் போல.

மறுநாளிலிருந்து நிம்மதியாக விளையாடினேன். எத்தனை வெடித்தாலும் கேட்பாரில்லை. கம்ப்யூட்டர் பிழைத்துவிட்டது என்று நினைத்திருந்தபோது, ஒரு நாள் மும்முரமான சண்டையில் என் தோளில் கை விழுந்தது. ஹெட்போனைக் கழற்றினேன். அத்தை முகம் வாடியிருந்தது.

"சத்தம் வெளிய வருதா அத்தே?"

"வரல. அதான் சொல்ல வந்தேன். வூட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கு. ரெண்டு மூணு தடவ கூப்புட்டேன், நீ திரும்பல. ஒங்க மாமாவும் அன்னிக்கு அப்படித்தான், கூப்புடக் கூப்புடத் திரும்பவே இல்ல."

ஹெட்போனை மடியில் வைத்துக்கொண்டு அத்தை பக்கம் முழுசாகத் திரும்பினேன்.

"ஒரு காதுல மட்டும் போட்டுக்க. இன்னொண்ண எனக்கு வுடு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது காதை விட்டுக்கொடுத்தேன். தன் நாத்தனார் தன்னோடு ஏன் பேசுவதில்லை என்பதை ஆதியிலிருந்து தொடங்கினார். நாத்தனார் வீட்டு வாசலைக்கூட இன்னும் தாண்டவில்லை. அதற்குள் இடப்பக்கமாக வந்தவனின் காலடிச் சத்தம் கேட்காமல் குண்டடி பட்டுச் சுருண்டு விழுந்தேன்.

"ஐயோ, செத்துட்டேன் அத்தே!"

"நீதான் திரும்ப வந்துருவல்ல? நான் சொல்றதக் கேளு மொதல்ல" என்றார்.