கிளீவ், கிளோவ், கிளோவன்

போன வாரம் பக்கத்து வீட்டு லீலா ஒரு கேள்வி கேட்டாள். டவுனில் டைப்பிஸ்ட் வேலை அவளுக்கு. மாலை வகுப்புக்குப் போய்ப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வேலிக்கு அந்தப் பக்கம் புத்தகத்தோடு நின்றாள்.

“அங்கிள், கிளீவ்… இதுக்கு பாஸ்ட் டென்ஸ் என்னா?”

என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் கூச்சத்தில் பாதி பதில் வாய்க்குள்ளேயே தங்கிவிடும். எனக்கு வாய் என்று ஒன்று இருந்தால் அது வாராவாரம் நீங்கள் படிக்கிற இந்தப் பத்திதான். ஆனால் வினைச்சொல் வாய்பாடு மட்டும் வேறு விஷயம். ஏழாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதில் உருப்படியாக மிஞ்சியது அந்த வாய்பாடு ஒன்றுதான் — கோ, வென்ட், கான். ஈட், ஏட், ஈட்டன் — தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

“கிளீவ், கிளோவ், கிளோவன்” என்றேன், மூச்சு விடாமல்.

“அது பிளக்கிறதுக்கு அங்கிள். இன்னொரு கிளீவ் இருக்குலா. ஒட்டிக்கிறது. அதுக்கு?”

“ஒட்டிக்கிறதா?”

“ஆமா. கிளீவ், கிளீவ்ட், கிளீவ்ட். எழுத்து ஒண்ணுதான், அர்த்தம் நேர் எதிர். பைத்தியக்கார பாஷைலா!”

சிரித்தபடி உள்ளே போய்விட்டாள். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளீவ்ட்… அந்தச் சொல்லை வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். ஜப்பான்காரன் காலத்தில், ஒரு துண்டுக் காகிதத்தில்.

அப்போது சுவாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. பெரிய கிராணி ஓடிப்போய்விட்டார். துரைமார் எப்போதோ போய்விட்டார்கள். ஆபீஸில் மிச்சம் இருந்தது நானும் ஆள் பெயர்ப் புத்தகமும்தான். காலையில் நிப்போங்கோ என்கிற ஜப்பான் பாஷைப் பாடம், பகலில் மரவள்ளிக்கிழங்கு. இங்கிலீஷ் புத்தகம் வைத்திருந்தால் கன்னம் வீங்கும் என்று பேச்சு. என் சட்டைப்பை அகராதியைக் கோணியில் சுற்றிப் பலகைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இருபத்து மூன்று வயது. அந்த எஸ்டேட்டில் என்னோடு பேசியது அந்த அகராதி ஒன்றுதான்.

சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடித்தார்களே, உங்களில் பலர் வீட்டிலும் அந்தக் கதை இருக்கும். எங்கள் எஸ்டேட்டுக்கும் லாரி வந்தது. மூன்று மாத வேலை என்றார்கள். முனியாண்டி ஏறினான். ரப்பர் பால் இறக்கப் பால்மரம் வெட்டுகிறவன், நல்ல உழைப்பாளி. மனைவி அஞ்சலை இடுப்பில் பெண் குழந்தையோடு லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள். எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரஸரையும் அதே லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று மாதம் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

ஒருநாள் காலில் புண்ணோடு ஒரு மனிதர் எஸ்டேட்டுக்கு வந்தார். சயாமிலிருந்து தப்பி வந்தவர். வேறு முகாம்காரர், முனியாண்டியைப் பார்த்ததே இல்லை. கைமாறிக் கைமாறி அவரிடம் வந்த ஒரு சீட்டை அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினார். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. எழுதியவர் எங்கள் டிரஸர். மலையாளி. தமிழ் பேசுவார், எழுத வராது. மாதாகோயிலுக்குத் தவறாமல் போகிறவர். அவர் இங்கிலீஷில் பாதி, பாதிரியாரின் பிரசங்கத்திலிருந்து வந்ததுதான்.

அஞ்சலை ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“சின்னக் கிராணி… இத கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. எனக்கு வேற யாரு இருக்கா.”

நான்கு வரிதான். உன் புருஷன் முனியாண்டி உயிரோடு இருக்கிறான். காய்ச்சல். ஒரு சயாம்காரப் பெண் சோறு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். கடைசி வரி — ஹீ ஹேஸ் கிளீவ்ட் டு யூ.

முதல் மூன்றையும் தமிழில் சொல்லிவிட்டேன். நாலாவதில் நின்றேன். வாய்விட்டு இரண்டு முறை படித்தேன். கிளீவ்ட்… கிளீவ்ட்…

“கிளியா?” என்றாள் அஞ்சலை. தோட்டத்துப் பேச்சில் கிழிப்பதும் கிளிப்பதுதான், உங்களுக்குத் தெரியும். “என்னத்தக் கிளிச்சாராம்?”

“இருங்க” என்று உள்ளே போய்ப் பலகையைத் தூக்கி அகராதியை எடுத்தேன். கிளீவ் — பிளத்தல், வெட்டிப் பிரித்தல். அவ்வளவுதான். புத்தகத்தை மூடினேன். எனக்கு ஒரு கர்வம்கூட வந்தது. ‘ஹேஸ்’க்குப் பிறகு மூன்றாவது உருவம் வரவேண்டும், கிளோவன் என்று எழுதியிருக்க வேண்டும். பாவம், டிரஸருக்கு வாய்பாடு தெரியவில்லை!

வெளியே வந்தேன்.

“பிரிஞ்சிட்டாராம்.”

“யாரு?”

“முனியாண்டி. உங்கள விட்டுப் பிரிஞ்சிட்டதா எழுதியிருக்கு.”

அஞ்சலை சீட்டை வாங்கி மடித்தாள். மறுபடி பிரித்துப் பார்த்தாள், படிக்கத் தெரிந்தவள் மாதிரி. “சயாம்காரி சோறு நல்லாருக்கும் போல” என்றாள். பிறகு கழுத்துக்குப் பின்னால் கையைக் கொண்டுபோய் மஞ்சள் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். ஆபீஸ் ஓரத்துக் கால்வாயில் எறிந்துவிட்டு தன் லயத்து வீட்டைப் பார்த்து நடந்தாள். அழவில்லை.

சண்டை முடிந்து சிலர் திரும்பி வந்தார்கள். முனியாண்டியும் டிரஸரும் வரவில்லை. அந்த முகாமையே வாந்திபேதி கொண்டுபோய்விட்டது என்றார்கள். அஞ்சலையிடம் சொன்னபோது, “சோறு போட்டவ அழட்டும்” என்றாளாம். ஒரு விளக்கு ஏற்றவில்லை, ஒரு பிடி சோறு வைக்கவில்லை. மகள் கல்யாணப் பத்திரிகையில் தகப்பன் பெயர் இல்லை. எனக்கும் ஒரு பத்திரிகை வந்தது. பெயர் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டேன்.

லீலா உள்ளே போனதும் அந்தப் பழைய அகராதியைத் தேடி எடுத்தேன். அதே பக்கம். கிளீவ் — பிளத்தல். அதற்கு நேர் கீழே, அடுத்த வரியிலேயே, மறுபடியும் கிளீவ் — ஒட்டிக்கொள்ளுதல், பற்றிக்கொண்டு விடாதிருத்தல். இருபத்தைந்து வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

இலக்கியத்தில் இரண்டும் வருகிறதாம், மறுநாள் லீலாவிடம் வாங்கிப் பார்த்த புத்தகம் சொல்கிறது. கதைகளில் கப்பல் கடலைப் பிளந்துகொண்டு போகும், வீரன் எதிரியின் தலைக்கவசத்தைப் பிளப்பான். அதெல்லாம் கிளோவ். பயந்தவனின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், கல்யாணப் பிரசங்கத்தில் கணவன் மனைவியைப் பற்றிக்கொள்வான். இது கிளீவ்ட். டிரஸர் தப்பே விடவில்லை. ஒரு சயாம்காரி சோறு போடுகிறாள் என்று எழுதிய மனிதர், அதைப் படித்து அஞ்சலை கலங்கிவிடக்கூடாதே என்றுதான் அந்தக் கடைசி வரியைச் சேர்த்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த வரியில் ‘டு’ என்று ஒரு குட்டிச் சொல் இருந்தது. பிளப்பதற்கு அது எதற்கு? அன்றைக்கே அது என் கண்ணில் பட்டது. பட்டும் தாண்டிப் போனேன். ஏன்? இருபத்து மூன்று வயது, தனிக்கட்டை, வாசலில் அஞ்சலை… இதற்கு மேல் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதற்குப் பிறகும் அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்கும் தைரியம் இல்லை.

சனிக்கிழமை பஸ் ஏறிக் கோலா சாவாவுக்குப் போனேன். மகள் தம்பினில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் அஞ்சலை அங்கே தனியாக இருக்கிறாள். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை முழுக்க நரை.

“அட, சின்னக் கிராணி! கெழவனா ஆயிட்டீங்களே லா. வழி தவறி வந்துட்டீங்களா?”

என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு சொன்னேன். இரண்டு கிளீவ், அடுத்த வரி, நான் படிக்காமல் மூடியது — எல்லாம். அந்த ‘டு’வைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல முடிந்தது, அவளிடம் முடியவில்லை.

அவள் கை நின்றது.

“அப்ப… பிரியலயா அவரு?”

“இல்ல. உங்களையே பற்றிக்கிட்டு இருக்கேன்னு சொல்லச் சொல்லியிருக்காரு.”

“காய்ச்சல்ல கெடந்துக்கிட்டா?”

“ஆமா.”

கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள். பிறகு கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

“அப்ப அறுத்தது நாந்தானா.”

“தப்பு என்னோடது. நான்தான்…”

“நீங்க சொன்னீங்க. நான் நம்பிட்டேன்லா? அவருகூட நாலு வருசம் குடும்பம் நடத்துனவ நானு. நீங்களா நடத்துனீங்க?” கோபமாகத்தான் சொன்னாள். கோபம் என்மேல் இல்லை என்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நான் எழுந்தேன். போய்விடலாம் என்றுதான்.

“எங்க கெளம்பிட்டீங்க? உக்காருங்க. அவருக்கு ஒரு நாளும் நான் சோறு வைக்கல. செத்த தேதியும் தெரியாது. இன்னிக்கே வச்சிட வேண்டியதுதான்.” சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். “நெத்திலிக் கருவாடுன்னா உசுரு அவருக்கு. நல்லவேள, வீட்டுல இருக்கு.”

ஒரு மணி நேரம் அவள் சமைத்தாள், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து வாழை இலை அறுத்து வந்தாள். விளக்கு ஏற்றி அதன் முன்னால் ஒரு இலை போட்டு, சோறும் குழம்பும் கருவாடும் வைத்தாள். உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கேட்கவும் கூடாது.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். “நீங்களும் சாப்பிட்டுத்தான் போகணும்” என்று, கொஞ்சம் தள்ளி இன்னொரு இலை போட்டாள்.

அந்த இரண்டாவது இலையில்தான் சாப்பிட்டேன். என் இடம் அதுதான்.