அரிசி டப்பாவில் இருந்த அட்டை

செங்கல்பட்டில் இருந்தபோது நீர்க்கடுப்பு வந்து மருத்துவரிடம் போனேன். மாமியாரும் அறைக்குள் வந்து உட்கார்ந்தார்.

“வேற மாத்திரை சாப்பிடறியாம்மா?” என்றார் மருத்துவர்.

“இல்லை” என்றேன். இரண்டு குழந்தைகள் போதுமென்று, மாமியாருக்குத் தெரியாமல் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தேன். மாத்திரை அட்டையை அரிசி டப்பாவின் அடியில் புதைத்திருந்தேன். உடம்புக்குச் சூடு என்று பயந்து முந்தின நாள்தான் நிறுத்தினேன்.

“பொய் சொல்லுது டாக்டரம்மா. புள்ள உண்டாவாத மாத்திரை முழுங்கினு இருந்துச்சு, நேத்து வுட்டுடுச்சு, அட்டையில ஒண்ணும் கொறயல. தெனம் அரிசி அளக்கறவ நானு, எனக்குத் தெரியாதா?” என்றார் மாமியார். “நாலு பெத்து நான் பட்டது போதும். நிறுத்த வேணாம்னு சொல்லுங்க.”

“நான் தர்ற ஆன்டிபயாடிக் அதைக் கெடுக்காது. விட்டதை இன்னைக்கே போட்டுக்கோ. வாந்தி வந்தா மட்டும் வந்து சொல்லு” என்றார் மருத்துவர்.

பஸ்ஸில் மாமியார் பக்கம் திரும்ப முடியவில்லை. தினமும் அரிசியை அளந்துவிட்டு, அட்டையை நான் வைத்த ஆழத்திலேயே திரும்பப் புதைத்தவர் அவர்.